முதல் பிளாக்கில் ஐந்து கோடி

நெய்வேலி, பிளாக் 19
27 ஜூலை 2025

பேரன்பும் பெருங்கோபமும் ஒருங்கே கொண்ட ஸ்டெல்லா அக்காவுக்கு,

ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது என்னவென்றால், நம் வீட்டு மிக்சியின் மூடிக்குமிழ் இன்று காலை தேங்காய்ச் சட்னிப் பணியின்போது உயிர்நீத்தது. அன்னாரின் இடத்தில் அம்மாவின் கட்டைவிரல் பணியாற்றுகிறது. காண்ட்ராக்ட் அடிப்படையில்தான். பெர்மனென்ட் ஆக வாய்ப்பில்லை என்று அம்மாவே சொல்லிவிட்டார்கள்.

இதை வாட்ஸப்பிலேயே சொல்லியிருப்பேன். பிளாக் பத்தொன்பதில் பிறந்து வளர்ந்தவனையே நீ பிளாக் செய்துவிட்டாய். உன் கம்பெனி லெட்டர்ஹெட் மாதிரி ஒன்று தயாரித்து, உன்னை ஜார்க்கண்டுக்கு மாற்றிவிட்டதாக ஒரே ஒரு தாள் அனுப்பினேன். அதை எடுத்துக்கொண்டு நீ நேராக மேனேஜர் முன்னால் போய் அழுவாய் என்று நான் கனவு கண்டேனா? சரி, போகட்டும். தபால்காரருக்கும் வேலை வேண்டுமே.

இப்போது விஷயம். வடலூரில் ராஜ்மோகன் என்று ஒருவர் ஆபீஸ் திறந்திருக்கிறார். வெயிலில்கூடக் கோட்டு. 'பொன்கரி காயின்' என்று புதுக் கிரிப்டோ நாணயம். இன்னும் ஓடத் தொடங்கவில்லை, தீபாவளிக்குத் தொடக்கமாம். 'மண்ணைத் தோண்டாமல் எடுக்கும் கரி' என்று நோட்டீஸ் அடித்து, ரிட்டயராகப்போகிறவர்கள் வீடாகப் பார்த்து விநியோகிக்கிறார். நம் சேவியர்ராஜ் அவர்கள், அதாவது அப்பா, விழுந்துவிட்டார். ஆகஸ்டு கடைசி ஞாயிறு வடலூர் மண்டபத்தில் கூட்டம். செட்டில்மென்ட் பணம் வந்ததும் முழுவதையும் இதில் போடுவதாக அப்பா மேடையேறிக் கை தூக்கப்போகிறார். அவருடைய ஷிப்ட் ஆட்கள் அத்தனை பேரும் அவர் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மருதமுத்து அண்ணன் இப்போதே செவ்வந்தி அண்ணி நகையை அடகு வைக்கத் தயார். "சேவியர் அண்ணன் தூக்குனா நானும் தூக்குவேன்" என்கிறார். அவர் காண்ட்ராக்ட் தொழிலாளி அக்கா. அந்த நகை போனால் திரும்பி வராது.

ஆனால் கவலைப்படாதே, நான் இருக்கிறேன். நோட்டீஸின் அடியில் 'எங்கள் மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது, யார் வேண்டுமானாலும் சோதிக்கலாம்' என்று போட்டிருந்தது. நாணயம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற சட்டமெல்லாம் அந்த நிரலில்தானே இருக்கிறது? யாரும் பார்க்கமாட்டார்கள் என்ற தைரியத்தில் போட்டிருக்கிறார். நான் பார்த்தேன்! கணக்கில் ஒரு பக்கம் சேர்ந்தால் அது ஒரு பிளாக். ஒவ்வொரு பிளாக்குக்கும் ஐம்பது நாணயம் பரிசு, பத்து லட்சம் பிளாக்குக்கு ஒருமுறை பரிசு பாதியாகும், மொத்தம் பத்து கோடிக்கு மேல் பிறக்காது, நிறுவனருக்கு ஒரு நாணயம்கூட இலவசம் கிடையாது என்கிறது நோட்டீஸ். நிரலிலோ நூற்றைம்பது பிளாக்குக்கு ஒருமுறை பாதி! பத்து லட்சம் எங்கே, நூற்றைம்பது எங்கே? குட்டு வெளிப்பட்டது.

இங்ஙனம்,
பிளாக் பத்தொன்பதின் டிஜிட்டல் சிங்கம்,
ஜெபின்

•

கோவை, மகளிர் விடுதி
2 ஆகஸ்டு 2025

டேய் சிங்கம்,

உன்னை அன்பிளாக் செய்யமாட்டேன். தாளிலேயே எழுது. போனில் வருவதை நீ எப்படி வேண்டுமானாலும் ஜோடிப்பாய். உன் கோழிக் கிறுக்கலை மட்டும் உலகத்தில் யாராலும் ஜோடிக்க முடியாது.

நான் சாஃப்ட்வேர் டெஸ்டர். ஒருவர் 'பார்த்தேன்' என்று சொன்னால் எங்கே பார்த்தாய் என்று கேட்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அதுவும் சொல்பவன் நீ. நூற்றைம்பது என்ற எண்ணை எந்தத் தலைப்புக்குக் கீழே பார்த்தாய்? இந்த மாதிரி நாணயங்களை யாரும் புதிதாக எழுதுவதில்லை. பழைய ஒன்றின் நிரலை நகலெடுத்துப் பெயரை மாற்றுவார்கள். அதில் அளவுகளை வைத்திருக்கும் கோப்பில் ஒரே விஷயம் பல முறை வரும். நிஜ ஓட்டத்துக்கு ஒரு பகுதி, சோதனைக்கு ஒன்று, எழுதுபவர்கள் தங்கள் கணினியில் ஒத்திகை பார்க்க ஒன்று. ஒத்திகையில் சீக்கிரம் முடிய வேண்டும் என்பதற்காகச் சின்ன எண் போடுவார்கள். நூற்றைம்பது எனக்கு ஒத்திகை வாசனை அடிக்கிறது. ஒத்திகையைப் பார்த்துவிட்டு நாடகத்துக்கு விமர்சனம் எழுதியிருக்கிறாய் என்று சந்தேகப்படுகிறேன்.

இதெல்லாம் உண்மையென்றே வைத்துக்கொண்டால், அந்த அமைப்புக் கோப்பின் எண்களையே முறைத்துக்கொண்டிருக்காதே. நாணயத்தை எடுத்துக் கையில் கொடுக்கும் இடம் ஒன்று நிரலில் இருக்கும். எந்த பிளாக்குக்கு எவ்வளவு பரிசு என்று கணக்குப் போடும் இடம். அதைத் தேடு. கிடைத்தால் அச்சிட்டு அனுப்பு.

அதுவரை அப்பாவிடம் வாயைத் திறக்காதே. நீ வாயைத் திறந்தால் உண்மைகூடப் பொய்யாகிவிடும்.

ஸ்டெல்லா

•

நெய்வேலி
10 ஆகஸ்டு 2025

அக்கா,

உன் கடிதம் ஒரு நாள் தாமதமாக வந்தது. வாய் ஒரு நாள் முன்னதாகத் திறந்துவிட்டது.

அப்பா ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை. 'நூற்றைம்பது' என்றேன். அவர் அந்த நிமிடமே ராஜ்மோகனுக்குப் போன் போட்டார். மனிதர் லேப்டாப்புடன் நேராக வீட்டுக்கே வந்துவிட்டார். அம்மா காபி கொடுத்தார்கள். அவர் அதே கோப்பைத் திறந்து, "தம்பி, இது ஒத்திகைப் பகுதி. மேல பாருங்க, நிஜப் பகுதி. பத்து லட்சம். நோட்டீஸ்ல போட்டது சரியா இருக்கா?" என்று சிரித்தார். சரியாகத்தான் இருந்தது.

அப்பா முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். "இவன் வாயத் தொறந்தாலே வம்புதான் சார். வூட்டுக்கு வந்தவங்கள அவமானப்படுத்திக்கினு... மனசுல வச்சிக்காதீங்க" என்று என்னை வைத்துக்கொண்டே மன்னிப்புக் கேட்டார். அவரோ, "துடிப்பான பையன் சார், நம்ம கம்பெனிக்கே எடுத்துக்கலாம்" என்று என் தலையைத் தடவினார். தலைக்கு அன்று இரண்டு முறை சோப்புப் போட்டேன்.

ஆகப் பாதி நம்பிக்கையில் இருந்த அப்பா என்னால் முழு நம்பிக்கைக்கு வந்துவிட்டார். சோதித்துப் பார்த்தாயிற்று, சரியாக இருக்கிறது என்று ஷிப்ட் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அந்த எரிச்சலில்தான் நீ சொன்ன இடத்தைத் தேடினேன். கிடைத்தது அக்கா! இந்த முறை தலைப்பைப் பார்த்துவிட்டேன், சுற்றிலும் ஒத்திகை கிடையாது. பரிசைக் கணக்கிடும் இடத்தில், பாதியாக்கும் கணக்குக்கு முன்னாலேயே ஒற்றை வரி. பிளாக்கின் வரிசை எண் ஒன்று என்றால் பரிசு ஐந்து கோடி. மற்ற எல்லா பிளாக்குக்கும் ஐம்பது, முதலாவதுக்கு மட்டும் ஐந்து கோடி! தொடக்க நாளில் முதல் பிளாக்கைப் போடப்போவது ராஜ்மோகனைத் தவிர வேறு யார்? நம் ஊர் பாஷையில் சொன்னால், மைன்ஸ் திறப்பு விழாவுக்கு ரிப்பன் வெட்டும் முன்பே பின்பக்கம் லாரி லாரியாகக் கரி போய்விட்டது.

மெயின் பஜார் ஜெராக்ஸ் கடையில் அச்சிட்ட பக்கத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். என்ன சொல்கிறாய்? இந்தியாவே என்னைத் திரும்பிப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது.

இங்ஙனம்,
பொன்கரியைப் பொடிக்கரியாக்கிய புலனாய்வுப் புலி,
ஜெபின்

•

கோவை
16 ஆகஸ்டு 2025

ஜெபின்,

சாப்பாட்டு இடைவேளையில் நிரல் வைத்திருக்கும் இணையதளத்தைத் திறந்து பார்த்தேன். பரிசு கணக்கிடும் இடத்தை மூன்று முறை படித்தேன். நீ சொன்ன வரி அங்கே இல்லை. ஐந்து கோடியும் இல்லை, ஐந்து ரூபாயும் இல்லை.

நீ அனுப்பிய தாள் என் மேசையில் இருக்கிறது. அழகாக அச்சிட்டிருக்கிறாய். ஜார்க்கண்டு மாற்றல் உத்தரவுகூட இப்படித்தான் அழகாக இருந்தது, கையெழுத்து, முத்திரை எல்லாம் வைத்து. நிரலை உன் கணினியில் நகலெடுத்து ஒரு வரியை நுழைத்து அச்சிட உனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? டீ ஆறுவதற்குள் முடித்துவிடுவாய். ராஜ்மோகன் முன்னால் அவமானப்பட்டதற்குப் பழிவாங்க இதைச் செய்தாயா? இல்லை, நான் இதைத் தூக்கிக்கொண்டு அப்பாவிடம் ஓடி இன்னொரு முறை அழ வேண்டும் என்று ஆசையா?

ஒரே ஒரு விஷயம் மட்டும் உறுத்துகிறது. நிரல் முழுவதும் ஆகஸ்டு பன்னிரண்டாம் தேதி புதிதாக ஏற்றப்பட்டிருக்கிறது. அதற்கு முன் யார் எதை மாற்றினார்கள் என்ற வரலாறே இல்லை, மொத்தமும் துடைத்த மாதிரி இருக்கிறது. வேலை தெரிந்த யாரும் வரலாற்றைத் துடைக்கமாட்டார்கள். ஒன்று, அவர்களுக்கு வேலை தெரியவில்லை. இல்லையென்றால் நன்றாகவே தெரிகிறது.

இதனால் நான் உன்னை நம்புகிறேன் என்று அர்த்தம் எடுத்துக்கொள்ளாதே.

ஸ்டெல்லா

•

நெய்வேலி
20 ஆகஸ்டு 2025

அக்கா,

இந்தக் கடிதத்தில் நகைச்சுவை இல்லை. தேடாதே.

அந்த வரி இருந்தது. என் கண்ணால் பார்த்தேன். அம்மா மேல் சத்தியம், மாதா மேல் சத்தியம், பப்ளிக் எக்ஸாம் மேல் சத்தியம். பன்னிரண்டாம் தேதி அவர்கள் துடைத்திருக்கிறார்கள் என்றால் யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். நான் இதை உன் ஒருத்தியிடம்தான் சொன்னேன். அப்பாவிடம் சொல்லவில்லை, அம்மாவிடம் சொல்லவில்லை. ஆகவே கேட்கிறேன். உன் அறைத்தோழி தமிழ்நிலாவின் ஊர் வடலூர்தானே? அவள் மாமா ஏதோ கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறார் என்று நீயே சொல்லியிருக்கிறாய். என் கடிதத்தை அறையில் திறந்து போட்டிருந்தாயா? 'என் தம்பி காமெடி பாரு' என்று அவளுக்குப் படித்துக் காட்டினாயா? உண்மையைச் சொல்.

இங்கே நிலைமை இன்னும் மோசம். ராஜ்மோகனுக்குத் திடீரென்று அப்பா மேல் பாசம் பொங்குகிறது. பண்ருட்டி முந்திரி ஒரு பெட்டி வந்தது, முழு முந்திரி, உடைசல் இல்லை. மேடையில் நடு நாற்காலி அப்பாவுக்காம். முன்பு 'சேவியர்' என்றவர் இப்போது 'சேவியர்ராஜ் சார்' என்று முழுப் பெயரையும் சொல்லிக் கும்பிடுகிறார். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. "முப்பது வருஷம் மைன்ஸ்ல கெடந்தேன், ஒருத்தன் சார்னு கூப்பிட்டதில்ல. இந்த மனுசன் கூப்பிடறாரு" என்று அம்மாவிடம் சொன்னார். அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மருதமுத்து அண்ணன் நகையை வைத்தாயிற்று. பணம் அவர் சட்டைப்பையில்.

நீ யாரிடம் சொன்னாய்?

ஜெபின்

•

கோவை
26 ஆகஸ்டு 2025

தம்பி,

விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் கிடைக்க வேண்டும்.

முதலில் உன் குற்றச்சாட்டு. உன் கடிதம் உறையோடு என்னிடம் இருக்கிறது. விடுதி வார்டன் வழக்கப்படி உறையின் மேல் தேதி முத்திரை குத்தித்தான் கொடுப்பார். பதினான்காம் தேதி. அவர்கள் துடைத்தது பன்னிரண்டாம் தேதி. உன் கடிதம் எங்கேயோ தபால் பையில் தூங்கிக்கொண்டிருந்தபோதே ரகசியம் ராஜ்மோகன் வீட்டுக்குப் போய்விட்டது. ஆக, கசிந்தது கோவையில் இல்லை. தமிழ்நிலாவிடம் நீ மன்னிப்புக் கேட்க வேண்டும். அவள் மாமா கணினி சொல்லித்தருபவர் இல்லை, தட்டச்சு சொல்லித்தருபவர். நீ கேட்டதைச் சொன்னேன், இரண்டு நாள் சிரித்தாள்.

அடுத்து என் மன்னிப்பு. நீ ஜோடிக்கவில்லை.

வரலாற்றைத் துடைத்தது உறுத்திக்கொண்டே இருந்ததால், புதிதாக ஏற்றிய நிரலை முதலிலிருந்து படித்தேன். பரிசு கணக்கிடும் இடத்தில் ஐந்து கோடி என்ற எண்தான் இல்லை. அதற்குப் பதிலாக, தொடக்க பிளாக் என்றால் அமைப்புக் கோப்பில் இருக்கும் ஒரு அளவை எடுத்துக்கொள் என்று சாதுவாக ஒரு வரி. முதல் முறை படித்தபோது உன் வரியைத் தேடும் அவசரத்தில் இதைத் தாண்டிப் போயிருக்கிறேன். டெஸ்டர் என்று பீற்றியதற்கு எனக்கு இது வேண்டும். அமைப்புக் கோப்பில், நிஜ ஓட்டத்துக்கான பகுதியில் போய்ப் பார்த்தால், அந்த அளவு 2FAF080. எண்ணும் எழுத்தும் கலந்த, கணினிக்காரர்கள் பயன்படுத்தும் பதினாறின் அடுக்குக் கணக்கு அது. மாற்றிப் பார்த்தால் ஐந்து கோடி. பிசகாமல் அதே ஐந்து கோடி. வேட்டியைக் கழற்றி பேன்ட் மாட்டிக்கொண்டு அதே ஆள் உட்கார்ந்திருக்கிறான். பத்து கோடி என்று சொல்லிவிட்டுப் பதினைந்து கோடி பிறக்கும். மூன்றில் ஒரு பங்கு முதல் நிமிடத்திலேயே ஒருவர் கையில். அவர் விற்கத் தொடங்கினால் மற்றவர்கள் கையில் இருப்பது வெறும் தூள்.

அப்பாவுக்குப் போன் செய்து சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உன் தம்பி உன்னையும் கூட்டு சேத்துக்கினானா? சார் எனக்கு எவ்ளோ மரியாத குடுக்கறாரு தெரியுமா?" என்று வைத்துவிட்டார். மறுபடி போட்டேன், எடுக்கவில்லை. எனக்கு விடுமுறை கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீதான் அங்கே இருப்பாய். எதையாவது செய். காமெடி மட்டும் வேண்டாம்.

ஒரு கேள்வி பாக்கி. நீ அச்சிட்ட தாளைத் தபாலில் போட்ட நாளுக்கும் பன்னிரண்டாம் தேதிக்கும் நடுவில் ஏதோ நடந்திருக்கிறது. நான் சொல்லவில்லை. அப்படியானால் சொன்னது யார்?

அக்கா

•

நெய்வேலி
1 செப்டம்பர் 2025

அக்கா,

வெற்றி! வெற்றி! வடலூர் மண்டபத்தில் நேற்று நடந்ததை வருங்காலத் தலைமுறை பாடத்தில் படிக்கும். ஐந்து மதிப்பெண் கேள்வியாக வரும்.

மண்டபம் நிறைந்துவிட்டது. நடு நாற்காலியில் அப்பா, மாதா படம் போட்ட பேனாவைச் சட்டைப்பையில் குத்திக்கொண்டு. ராஜ்மோகன் மைக்கைப் பிடித்து, "முதல் உறுப்பினர் சேவியர்ராஜ் சார், இந்த மேடையிலேயே பதிவு பண்றாரு" என்றார். கைதட்டல். அப்பாவின் போனில் பெயரைப் போட்டார்கள். "ஒரு ஓடிபி மெயில்ல வரும் சார், பார்த்துச் சொல்லுங்க."

உனக்குத் தெரியுமே, அப்பா மெயிலைத் திறப்பது வருடத்துக்கு ஒருமுறை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு திறந்தார். ஓடிபி வந்திருந்தது. அதற்குக் கீழேயே இன்னொரு மெயிலும் இருந்தது, அனுப்பியவர் பெயர் பொன்கரி. அதுதான் ஓடிபி என்று நினைத்து, மைக்கிலேயே சத்தமாகப் படித்தார்.

"சேவியர்ராஜ் சார், நீங்கள் சுட்டிக்காட்டிய ஐந்து கோடி வரியை எடுத்துவிட்டோம். இதைப் பற்றி மற்றவர்களிடம் பேச வேண்டாம். உங்களுக்கென்று தனியாக ஒரு பங்கு ஒதுக்கியிருக்கிறோம்."

அப்பா மறுபடி ஒருமுறை மனதுக்குள் படித்தார். பிறகு ராஜ்மோகனைப் பார்த்து, "இன்னா வரி சார்? நான் உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலியே?" என்றார். ராஜ்மோகன் மைக்கை வாங்கப் பார்த்தார். அப்பா கொடுக்கவில்லை.

"எம் பொண்ணு போன்ல சொன்னது இந்த அஞ்சு கோடிதானா? இல்லவே இல்லன்னு நெனச்சேன். அப்ப இருந்துதா?"

ராஜ்மோகன் மேடையின் பக்கவாட்டுப் படியைப் பார்த்தார்.

"இவங்க எல்லாம் என்னப் பாத்துக்கினு வந்துருக்காங்க. எனக்கு மட்டும் எதுக்கு சார் தனிப் பங்கு?"

கீழே மருதமுத்து அண்ணன் பாதி தூக்கிய கையை இறக்கி, சட்டைப்பையை அழுத்திப் பிடித்துக்கொண்டார். அவ்வளவுதான். அப்பா மைக்கை நாற்காலியில் வைத்துவிட்டு இறங்கினார், அவர் பின்னால் மொத்த ஷிப்டும் இறங்கியது. இன்று காலை செவ்வந்தி அண்ணி நகையை மீட்டுக்கொண்டு வந்து அம்மாவிடம் காட்டிவிட்டுப் போனார்கள். ராஜ்மோகன் ஆபீசில் பூட்டு தொங்குகிறது.

எதிரியை அவன் வாயாலேயே மாட்டவைத்த இந்த மாபெரும் வலையை விரித்தவர் யார் என்று நீ கேட்கலாம். நுணுக்கமாகத் திட்டமிட்டு, மாதக்கணக்கில் காத்திருந்து...

அக்கா, இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

வலை எதுவும் இல்லை.

அந்த வரியைக் கண்டுபிடித்த அன்று என்னால் சும்மா இருக்க முடியவில்லை. தபால் உன்னிடம் போய்ச் சேர்ந்து, நீ படித்து, நீ பாராட்டி... அவ்வளவு நாள் யார் பொறுப்பது? அந்தத் தளத்திலேயே கருத்து எழுதும் இடம் இருந்தது. 'முதல் பிளாக்கில் ஐந்து கோடி வைத்த மகராசன் யாருங்க? கொஞ்சம் எழுந்து நின்று கும்பிடுங்க' என்று எழுதினேன். எழுதிவிட்டு நானே சிரித்தேன். உள்ளே நுழைய ஒரு மெயில் கணக்கு வேண்டியிருந்தது. என் போனை அம்மா பிடுங்கி வைத்திருந்தார்கள், அப்பா போன் சார்ஜில் கிடந்தது. கருத்துக்கு மேலே தடித்த எழுத்தில் 'சேவியர்ராஜ்' என்று பெயர் விழுந்ததை நான் கவனிக்கவே இல்லை. தலைப்பைப் பார்க்காமல் படிப்பது எனக்குப் புதிதா? பன்னிரண்டாம் தேதி துடைத்தபோது அந்தக் கருத்தையும் சேர்த்துத் துடைத்திருக்கிறார்கள்.

ராஜ்மோகன், அப்பாதான் கண்டுபிடித்துப் பேரம் பேசுகிறார் என்று நினைத்திருக்கிறார். முந்திரி, நடு நாற்காலி, 'சார்' எல்லாம் அதற்குத்தான். அப்பாவுக்குக் கிடைத்த மரியாதை முழுவதும் என் திமிருக்கு வந்த பயம். அப்பா அதை நினைத்து எவ்வளவு சந்தோஷப்பட்டார் என்பதுதான் என்னைத் தின்கிறது.

கசியவிட்டது நான்தான். உன்னை 'யாரிடம் சொன்னாய்' என்று கேட்ட கடிதத்தைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு சைக்கிளைத் திருப்பும்போதுதான் அது உறைத்தது. பெட்டிக்குள் கையை விட்டுப் பார்த்தேன், எட்டவில்லை. அப்புறம் உன் விரைவுத் தபால் வந்தபோதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நேற்றுகூட மேடைக்குப் போய் உண்மையைச் சொல்லலாம் என்றுதான் போனேன். அப்பா மெயிலைப் படித்தபோது நான் பந்தி ஹால் வாசலில் தண்ணீர் கேனுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீரம் எல்லாம் அப்பாவுடையது, கண்டுபிடிப்பில் பாதி உன்னுடையது. என்னுடையது அந்த ஒரு கருத்து மட்டும்தான். அதுவும் அப்பா பெயரில்.

அப்பா இதுவரை என்னை எதுவும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் போன் பாஸ்வேர்டை மட்டும் மாற்றிவிட்டார். உன் பிறந்த நாள் இல்லை, போட்டுப் பார்த்தேன். கேட்டால் சொல்லிவிடுவேன். கேட்காமலே இன்றிரவு சொல்லலாம் என்றும் இருக்கிறேன். இதை உன்னிடம் முதலில் எழுதிப் பழகிக்கொண்டேன்.

தமிழ்நிலா அக்காவிடம் மன்னிப்பைச் சொல்லிவிடு. என்னை இன்னும் கொஞ்ச நாள் பிளாக்கிலேயே வைத்திரு.

ஜெபின்